அன்மையும் இன்மையும்

ஈப்போ நகரிலிருந்து வடக்கு நோக்கி, சுங்கை சிப்புட்டுக்கும் கோலகங்சாருக்கும் செல்லும் பழைய சாலையில், ஏறத்தாழப் பத்துக் கல் தொலைவில் இருப்பது செமோர். ஒருபால் காந்தான் சுண்ணாம்புக் குன்றுகள். மறுபால் ஈய லம்பங்கள் விட்டுச்சென்ற குளங்களும் மணல் மேடுகளும். இவற்றிடையே ரப்பர் மரங்கள் நிழல் பரப்பியிருந்த நிலத்தில் பின்னர் வந்த செம்பனையும் வீட்டுமனைகளும். கிந்தா பள்ளத்தாக்கின் பிற சிற்றூர்களைப் போலவே இவ்வூர்த் தமிழர் வரலாறும் பெரும்பகுதி தோட்டத்து வரலாறே. அவ்வரலாற்றை வெட்டுக் கத்தியிலும் மங்கிலும் தேடியோர் பலர். கிராணியின் மேசைமேல் விரிந்து கிடந்த செக்ரோலில் அதைத் தேடுவார்க்கு வேறொரு கதை கிடைக்கும். அது 'இல்லை' என்னும் ஒரு சொல்லைப் பற்றியது.

இன்று கணினிக்கு நிரல் எழுதக் கற்கும் இளைஞர் தொடக்கத்திலேயே இடறும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, ஒரு கூற்றை மறுக்கும் குறி. மற்றொன்று, வெவ்வேறு இனப் பொருள்கள் இரண்டைச் சமமா என்று வினவும் தளர்ந்த ஒப்பீடு. இவை பொறியோடு பிறந்த சிக்கல்கள் என அவர் எண்ணக்கூடும். அவருடைய பாட்டனும் பாட்டியும் ஒவ்வொரு விடியலிலும் இச்சிக்கலின்முன் வரிசையாக நின்றவர்களே.

பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது வந்தவருக்குக் கட்டத்தில் ஒரு குறி விழும். வராதவர் கட்டம் வெறுமையாக நிற்கும். மாத முடிவில் குறிகளைக் கூட்டினால் சம்பளக் கணக்கு. இம்முறையின் எளிமையை எவரும் பாராட்டுவர். ஆயின் அவ்வெற்றுக் கட்டத்தைச் சற்று உற்று நோக்க வேண்டும். காய்ச்சல் கண்டு லயத்தில் படுத்திருந்தவளின் கட்டம் வெறுமை. மழையால் வெட்டே நடவாத நாளில் அனைவர் கட்டமும் வெறுமை. நேற்றுதான் வேலைக்குச் சேர்ந்து, பெயர் இன்னும் ஏறாதவனுக்குக் கட்டமே இல்லை. வந்து நின்றும் கிராணியின் கண்ணுக்குத் தப்பியவன் கட்டமும் வெறுமையே. வராமை, வேலை இன்மை, பதிவு இன்மை, பிழை என்னும் நான்கும் ஏட்டில் ஒரே வெண்மையாய்க் கிடக்கும். கூட்டலில் நான்கும் ஒரே சுழியாய் நிற்கும். உழைத்தும் குறி விழாதவன் அதை மெய்ப்பிக்க வேண்டுமாயின் ஏட்டுக்கு வெளியே சாட்சி தேட வேண்டும்.

ஒப்பீட்டுக்கும் தோட்டத்திலேயே உவமை உண்டு. ஸ்டோரில் இருவர் வாளிகள் ஒரே எடை காட்டலாம். ஒருவர் பாலில் மழைநீர் கலந்திருக்கும். மற்றவர் பால் கெட்டியாயிருக்கும். ஆகவே மெட்ரோலாக் என்னும் மிதவையை அமிழ்த்திப் பாலின் செறிவு அறிந்து, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிடுவர். எடையால் ஒப்பிட்டால் சமம். உலர் ரப்பராக மாற்றி ஒப்பிட்டால் சமமன்று. 'இரண்டும் ஒன்றா?' என்னும் வினாவுக்கு, 'எதுவாக மாற்றிய பின்?' என்னும் எதிர்வினா எப்போதும் உடன் வருகிறது. அந்த மாற்றத்தைச் செய்பவர் யார் என்பதில்தான் தொழிலாளியின் கூலி அடங்கியிருந்தது.

தமிழ் இலக்கணத்தார் மறுப்பை ஒரே பொருளாக ஒருபோதும் கொண்டதில்லை. அல், இல் என்னும் இரண்டு வேர்களை அவர்கள் பிரித்தே வைத்தனர். தொல்காப்பியர் அஃறிணை வினைக்குறிப்புச் சொற்களை எண்ணுமிடத்து 'இன்று', 'இல' என்பவற்றோடு 'அன்று', 'அல்ல' என்பவற்றையும் தனித்தனியே வைத்து எண்ணுகிறார். 'இல்' என்பது பொருள் அவ்விடத்து இருப்பதையே மறுக்கும். 'அல்' என்பது இருக்கும் பொருளை வேறொன்று எனச் சுட்டும். 'வகுப்பில் ஆசிரியர் இல்லை' என்றால் நாற்காலி காலி. 'வகுப்பில் நிற்பவர் ஆசிரியர் அல்லர்' என்றால் ஆள் உண்டு. அவர் வேறு ஒருவர். முன்னது இன்மை, பின்னது அன்மை. வடமொழி வழிவந்த 'ந' என்னும் முன்னொட்டுக்கு இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள் வகுத்த உரைமரபும் இப்பிரிவையே பின்பற்றியது. அறம் இல்லாத நிலை வேறு, அறமல்லாத பிறிதொன்று வேறு, அறத்துக்கு நேர்ப்பகையான மறம் வேறு.

பேச்சுத் தமிழ் இச்செல்வத்தைக் கைநெகிழ விட்டது. 'அவரு வாத்தியார் இல்ல' என்பதே செமோரிலும் சென்னையிலும் வழக்கு. எழுத்திலும் ஒருமைக்குரிய 'அன்று' அருகி, 'அது அல்ல' என்பது பெருகிவிட்டது. இதற்காகக் கண்ணீர் விடுவது வீண். எனினும் இழந்தது இன்னது என அறிந்திருத்தல் நன்று. வியப்பென்னவெனில், தோட்டத்துத் தமிழர் அன்றாடம் பேசிப் பழகிய மலாய்மொழி இப்பிரிவை இன்றளவும் காத்து வருகிறது. 'புக்கான் குரு' என்றால் ஆசிரியர் அல்லர். 'தியாடா குரு' என்றால் ஆசிரியர் இல்லை. அதற்கும் மேலாக 'பெலும்' என்றொரு சொல் அம்மொழியில் உண்டு. இதுவரை இல்லை, இனி ஆகலாம் என்பது அதன் கருத்து. நாற்பது கடந்தும் மணமாகாதவரைப் பற்றிக் கேட்டாலும் மலாய்க்காரர் 'பெலும்' என்றே விடையிறுப்பர். அம்மறுப்பில் ஒரு கதவு திறந்தே இருக்கிறது.

தமிழ் வினைச்சொல்லில் மற்றுமொரு நுட்பமும் உண்டு. 'வந்தான்' என்பதில் இறந்தகாலம் காட்டும் உறுப்பு உளது. 'வருவான்' என்பதில் எதிர்காலம் காட்டும் உறுப்பு உளது. 'வாரான்' என்பதிலோ காலம் காட்டும் உறுப்பு எதுவும் வெளிப்படையாக இல்லை. எதிர்மறை ஆகாரம் புணர்ந்து கெட்டது என்று இலக்கணிகள் அமைதி கூறுவர். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், காலவுறுப்பு இல்லாமையே இங்கு மறுப்பை உணர்த்துகிறது என்னும் கருத்தை ஆராய்ந்தார். அது கொள்ளத்தக்கதாயின், ஒன்று இல்லாதிருப்பதையே ஒரு குறியாகப் பயன்படுத்தும் வழக்கம் செக்ரோலுக்குப் பல நூற்றாண்டு முந்தியதாகும்.

தருக்க நூலார் இன்னும் ஒரு படி சென்றனர். மணிமேகலையில் சமயக் கணக்கர் தந்திறம் கேட்ட காதை, அறிவு பெறும் வழிகளாகிய அளவைகளை எண்ணுகிறது. அங்கே காட்சி, கருத்து ஆகியவற்றோடு உவமமும் அபாவமும் இடம்பெறுகின்றன. ஒப்பீட்டாலும் அறியலாம், இன்மையாலும் அறியலாம் என்பது கருத்து. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கினார். அம்மரபு இன்மையை நான்காகப் பகுக்கிறது. குடம் வனையப்படுமுன் மண்ணில் குடம் இல்லாமை முதலாவது. உடைந்தபின் இல்லாமை இரண்டாவது. காற்றில் உருவம் இல்லாமை போன்று முக்காலத்தும் இல்லாமை மூன்றாவது. குடம் ஆடையன்று என்பது நான்காவது. முதல் மூன்றும் இன்மையின்பாற்படும். நான்காவது அன்மை. மலாயின் 'பெலும்' முதல்வகையோடு பொருந்துவது காண்க.

ஆயினும் இப்பகுப்பினும் மதிப்பு மிக்கது, மீமாஞ்சகர் விதித்த ஒரு கட்டுப்பாடு. தரையில் குடம் காணப்படவில்லை. ஆதலின் குடம் இல்லை என்று முடிவு செய்யலாமா? குடம் இருந்திருப்பின் கண்ணுக்குத் தோன்றியிருக்கும் என்னும் நிலை இருந்தால் மட்டுமே செய்யலாம் என்றனர் அவர்கள். இருட்டறையில் குடம் காணப்படாமை குடத்தின் இன்மைக்குச் சான்றாகாது. விளக்கின் இன்மைக்கே சான்று. கணினித் துறை 1978இல் இதே வினாவை வேறு சொற்களால் எழுப்பியது. 1972 அளவில் பிரான்சின் மார்செய் நகரில் உருவான புரோலாக் என்னும் நிரல்மொழியில், ஒரு கூற்றை மெய்ப்பிக்க முயன்று முடியாவிடின் அக்கூற்று பொய் எனக் கொள்ளப்படும். கீத் கிளார்க் இதனைத் தோல்வியே மறுப்பாதல் என விளக்கினார். அதே ஆண்டில் ரேமண்ட் ரைட்டர், ஏட்டில் உள்ளவையே உலகில் உள்ளவை என்னும் எடுகோளுக்கு 'மூடிய உலகு' எனப் பெயரிட்டார். ஏடு முழுமையானதாயின் எடுகோள் பொருந்தும். ஏட்டில் ஓட்டை இருப்பின், ஓட்டையில் விழுந்தவர் உலகிலேயே இல்லாதவராவர்.

மறுப்பைக் கணக்காக்கிய மேனாட்டறிஞருள் ஒருவர் மதுரையில் பிறந்தார் என்பதைத் தமிழர் பலர் அறியார். அகஸ்டஸ் டி மார்கன் 1806ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் அங்குப் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. குழந்தைக்கு ஏழு மாதமானபோதே குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டது. ஆகவே மதுரைச் சங்கத்தின் காற்று பட்டதால்தான் ஏரணம் வந்தது என்று உரிமை கொண்டாடுவதற்கு இடமில்லை. 1828இல் இலண்டனில் கணிதப் பேராசிரியரான அவர், 1847இல் ஏரண நூலொன்றை வெளியிட்டார். ஜார்ஜ் பூலின் முதல் ஏரண நூலும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. கணிதத்தைத் தோற்றுவித்த கிரேக்க, வடமொழி மரபுகள் இரண்டுமே தத்தம் வழியில் ஏரணத்தையும் அமைத்தன என்று டி மார்கன் பின்னாளில் எழுதினார். தில்லி ஆசிரியர் இராமச்சந்திரரின் கணித நூலுக்கு முன்னுரை வரைந்து 1859இல் இலண்டனில் பதிப்பித்தவரும் அவரே.

அவர் பெயரால் வழங்கும் விதியை இடைக்கால ஐரோப்பியத் தருக்கரும் அறிந்திருந்தனர். அதனைக் குறியீட்டுக் கணக்கில் நிலைபெறச் செய்தவர் டி மார்கன். விளக்கத்துக்குத் தோட்டமே போதும். மழை பெய்தால் அல்லது பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை என்பது கட்டளை. அவ்வாறாயின் வெட்டு எப்போது உண்டு? மழையும் பெய்யாமல், பட்டையும் நனையாமல் இருக்கும்போது உண்டு. மறுப்பு உள்ளே புகும்போது 'அல்லது' என்பது 'உம்' ஆக மாறிவிடுகிறது. 'உம்' என்பது 'அல்லது' ஆகிறது. இம்மாற்றத்தை மறந்து, மழை இல்லை அல்லது ஈரம் இல்லை என்றால் வெட்டு உண்டு என்று எழுதிவிட்டால் என்னாகும்? இரவு மழையில் பட்டை ஊறிக் கிடக்கும் தெளிந்த காலையில் ஆட்கள் மரத்துக்கு அனுப்பப்படுவர். பால் மங்கில் இறங்காமல் பட்டையெங்கும் வழிந்தோடும். நிரல் எழுதுவோர் இன்றும் மிகுதியாகச் செய்யும் பிழைகளுள் இதுவும் ஒன்று.

ஈண்டு 'அல்லது' என்னும் சொல்லையே பிரித்து நோக்கலாம். அது 'அல்' என்னும் மறுப்பு வேரிலிருந்து வந்தது. அதுவல்லாதது என்பதே அதன் மூலப்பொருள். 'மழை அல்லது வெயில்' என்பதில் 'மழையன்றெனில் வெயில்' என்னும் கருத்து உள்ளுறைந்து கிடக்கிறது. குறியீட்டு ஏரணத்திலும் இவ்விரு வாய்பாடுகளும் ஒரே மதிப்புடையன. ஆங்கிலத்தில் பயில்வோர் பட்டியல் வரைந்து மனனம் செய்யும் உண்மையைத் தமிழ் தன் இணைப்புச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

பூலும் டி மார்கனும் தாளில் வகுத்ததை மின்சுற்றில் நிகழ்த்தலாம் என்று 1937இல் கிளாடு ஷானன் தம் முதுகலை ஆய்வில் காட்டினார். கணினியின் உள்ளே மறுப்பு என்பது வந்த குறியைத் தலைகீழாக்கும் ஒரு சிறு வாயில். ஒன்று நுழைந்தால் சுழி வெளிவரும். சுழி நுழைந்தால் ஒன்று வெளிவரும். அங்கே ஐயத்துக்கு இடமில்லை. மனிதர் எழுதும் நிரல்மொழிகள் அவ்வாயிலின்மேல் கட்டப்பட்டபோதுதான் குழப்பம் குடிபுகுந்தது.

1970களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் ! என்னும் குறி மறுப்பாகும். அம்மொழி அன்று மெய், பொய் எனத் தனி இனம் எதையும் வைக்கவில்லை. சுழி பொய், சுழியல்லாத யாவும் மெய். சிக்கனமான ஏற்பாடுதான். அதன் வழிவந்த மொழிகளோ எண்ணை மட்டுமன்றிச் சொற்களையும் பட்டியல்களையும் வெறுமையையும் இத்தராசில் ஏற்றின. 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவம் தந்த ஜாவாஸ்கிரிப்டே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதில் பொய் என்னும் மதிப்பும், சுழியும், எழுத்தே இல்லாத வெற்றுச் சொல்லும், எண்ணல்லாதது என்னும் குறியும், 'நல்' என்பதும், 'அன்டிஃபைன்ட்' என்பதும் மறுப்புக் குறியின்முன் ஒரே வரிசையில் நிற்கும். எதன்முன் ! இட்டாலும் விடை மெய். 'நல்' என்பது வேண்டுமென்றே வைத்த வெறுமை. மற்றது மதிப்பே தரப்படாத நிலை. தமிழில் நன்மையைக் குறிக்கும் 'நல்' இங்கே ஒன்றுமின்மையைக் குறிப்பது ஒரு வேடிக்கை. அந்த 'நல்' சுட்டை 1965இல் நிரல்மொழிக்குள் கொணர்ந்த டோனி ஹோர், அது நூறு கோடி டாலர் பெறுமான பிழை என்று 2009இல் வருந்தினார்.

செக்ரோலின் வெற்றுக் கட்டத்தை அறிந்தவர்க்கு இதில் புதுமை இராது. குழந்தைகள் எண்ணிக்கை சுழி என்று எழுதியவரும், அவ்வினாவுக்கு விடையே எழுதாதவரும் மறுப்புக் குறியின்முன் ஒருவராகிவிடுவர்.

தளர்ந்த ஒப்பீடு இன்னும் விந்தையானது. == என்னும் குறி இரு பக்கமும் ஒரே இனமாக இல்லாவிடின், ஒன்றை மற்றொன்றாக மாற்றிய பின் ஒப்பிடும். எழுத்தாக வந்த எண்ணையும் கணக்கில் உள்ள எண்ணையும் எளிதில் ஒப்பிட வேண்டும் என்று அன்று சோதித்துப் பார்த்தோர் கேட்டனர். அதற்கு இணங்கியதைப் பற்றி ஐக் பின்னர் மனம் வருந்திப் பேசியுள்ளார். விளைவு இது: சுழியும் வெற்றுச் சொல்லும் சமம், சுழியும், சுழி எழுதப்பட்ட சொல்லும் சமம், ஆனால் வெற்றுச் சொல்லும், சுழி எழுதப்பட்ட சொல்லும் சமமல்ல. முதலாவது இரண்டாவதற்குச் சமம், இரண்டாவது மூன்றாவதற்குச் சமம், முதலாவதும் மூன்றாவதும் மட்டும் வேறு. இதனினும் கேடு, வெற்றுப் பட்டியல் தன் மறுப்புக்கே சமம் என்று அம்மொழி விடை தரும். 'நல்' மறுக்கப்பட்டால் மெய்யாகிறது. ஆயினும் 'நல்' பொய்க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது. மறுப்பு ஒரு விதியையும் ஒப்பீடு வேறொரு விதியையும் பின்பற்றுவதே இதன் காரணம். 1999இல் வெளிவந்த மூன்றாம் பதிப்புத் தரநிலை === என்னும் கண்டிப்பான ஒப்பீட்டைச் சேர்த்தது; அது இனம் மாற்றாமலே ஒப்பிடும். பழைய குறி நீக்கப்படவில்லை. உலகெங்கும் எழுதப்பட்டுவிட்ட பக்கங்கள் அதனை நம்பியிருந்தன. பிஹெச்பி என்னும் மொழியிலோ 2020 வரை, எண்ணே இல்லாத ஒரு சொல்லும் சுழியும் சமம் எனப்பட்டன. எட்டாம் பதிப்பே அதனை மாற்றியது.

தரவுகளைச் சேமித்து வினவும் முறையில் வெறுமைக்கு வேறொரு நீதி. எட்கர் காடு 1970இல் வகுத்த அட்டவணை முறையின் வழிவந்த வினாமொழியில், பதியப்படாத மதிப்பை எதனோடு ஒப்பிட்டாலும் விடை மெய்யுமன்று, பொய்யுமன்று, அறியப்படாதது. அதை மறுத்தாலும் அறியப்படாததே. இது நேர்மையான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயின் அதன் பயனைப் பாருங்கள். ஊர்ப் பெயர் பதியாத ஒருவர் ஏட்டில் இருக்கிறார் எனக் கொள்க. ஈப்போவினர் யாவர் என்று கேட்டால் அவர் பெயர் வராது. ஈப்போவினர் அல்லாதார் யாவர் என்று கேட்டாலும் அவர் பெயர் வராது. இரண்டு பட்டியலையும் கூட்டினால் ஊரே வந்துவிடும் என்று நம்பியவர் கணக்கில் அம்மனிதர் காணாமற்போயிருப்பார்.

காகிதத்திலும் இப்படிக் காணாமற்போனோர் உண்டு. 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் செமோருக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிருவாகிகள் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. அதனோடு பன்னிரண்டு வயது நிரம்பிய அனைவரும் பதிந்துகொண்டு அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்னும் கட்டளையும் பிறந்தது. மலாயாவில் மனிதர் ஒருவர் இருப்பதற்குக் கார்டே சான்று என்னும் வழக்கம் அன்று தொடங்கியது எனலாம். 1957இல் விடுதலையோடு, அந்நாளிலும் அதற்குப் பின்னும் இந்நாட்டில் பிறந்தோர்க்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிட்டியது. 1962இல் அவ்விதி இறுக்கப்பட்டது. விடுதலைக்கு முன் பிறந்தவரும் வெளியிலிருந்து வந்து வாழ்ந்தவரும் விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தேர்விலிருந்து விலக்கும் இருந்தது. விடியலில் மரத்துக்குச் சென்று மாலையில் லயத்துக்குத் திரும்பிய பலருக்கு அந்த ஓராண்டு செய்தியின்றியே கடந்தது.

விண்ணப்பியாதவர் யார்? குடியுரிமையை வேண்டாதவர் அல்லர். விண்ணப்பம் இல்லை என்பதே உண்மை. விருப்பம் இல்லை என்பது அதிலிருந்து பிறரால் வரையப்பட்ட முடிவு. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோர்க்கு வேலைப் பெர்மிட் தேவை என்றது. 1969இல் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தபோது சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த தொழிலாளர் பலர் பெட்டி படுக்கையோடு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேறினர். அவ்வாறு திரும்பியோர் ஏறத்தாழ 60,000 பேர் என்று ஆய்வாளர் கூறுவர். அவருள் இம்மண்ணிலேயே பிறந்தவரும் இருந்தனர். பெலும் என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் புக்கான் என்று எழுதப்பட்டதன் விலை அது.

எஞ்சியோர் வீடுகளில் அடுத்த முடிச்சு திருமணத்தில் விழுந்தது. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபின் முஸ்லிமல்லாதார் திருமணங்கள் பதியப்பட வேண்டும் என்றாயிற்று. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஊரறியத் தாலி கட்டியவர் பலர் பதிவு அலுவலகத்தை எண்ணவில்லை. அச்சட்டத்தின் 34ஆம் பிரிவு, பதியப்பட்டது அல்லது பதியப்படவில்லை என்னும் ஒரே காரணத்தால் ஒரு திருமணம் செல்லும் என்றோ செல்லாது என்றோ ஆகாது என்று கூறுகிறது. பதிவின் இன்மை வேறு, திருமணத்தின் அன்மை வேறு என்பதை இதனினும் தெளிவாகக் கூறல் அரிது. ஆயினும் இதுபற்றி நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரே திசையில் செல்லவில்லை. அலுவலக முகப்பிலோ பத்திரம் இல்லாத தாய் தந்தையர் மணமாகாதவராகவே கொள்ளப்பட்டனர். அவ்வாறாயின் பிள்ளைக்குத் தாயின் நிலையே நிலை. தாயிடம் பிறப்புப் பத்திரம் இல்லையெனில் பிள்ளையின் பத்திரத்தில் 'புக்கான் வார்கநெகாரா', அதாவது குடிமகன் அல்லன், என்னும் சொற்றொடர் ஏறும். தந்தை நீலக் கார்டுக்காரராயினும் பயன் இராது. ஓர் இன்மை இன்னோர் இன்மையாகி, மூன்றாம் படியில் அன்மையாகிவிடும்.

அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை இதற்கு மருந்து ஒன்றையும் வைத்திருக்கிறது. இந்நாட்டில் பிறந்து, வேறெந்நாட்டுக்கும் பிறப்பால் குடிமகன் ஆகாதவர் இந்நாட்டுக் குடிமகன் என்பது அதன் கருத்து. நல்ல விதியே. ஆயின் அது நிற்பது ஒரு மறுப்பின்மேல். எந்நாட்டுக்கும் உரியவன் அல்லன் என்பதை எப்பத்திரம் காட்டும்? இருப்பதற்குச் சான்று தரும் அலுவலகங்கள் உலகில் பல; இல்லாமைக்குச் சான்று தருவன மிகச் சில. அதே அட்டவணை கைவிடப்பட்ட பச்சிளங்குழந்தைக்கு வேறு வழி வகுத்தது: மாறாகக் காட்டப்படும் வரையில், கண்டெடுக்கப்பட்ட இடத்தில், அங்கு நிலையாய் வாழும் தாய்க்குப் பிறந்ததாகவே அது கொள்ளப்படும், கண்டெடுத்த நாளே பிறந்த நாள். நிரல் எழுதுவோர் இதனைத் தொடக்க மதிப்பு என்பர். வெறுமை வந்தால் பொய் என்று தள்ளாது, நல்லதொரு மதிப்பை முன்கூட்டியே வைத்தல் அது. தாயும் பாட்டியும் கண்முன் இருந்தும் காகிதம் இல்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வாய்ப்பும் எட்டவில்லை. தெருவில் கிடந்த குழந்தையினும் மடியில் கிடந்த குழந்தையின் வழக்கு கடினமானது விந்தையே.

2001 முதல் மைகார்டு வந்தது. ஏடு பொறிக்குள் புகுந்தது. ஆயினும் பொறிக்குள் சென்றது பழைய ஏட்டின் எழுத்தே. அதன் ஓட்டைகளும் உடன் சென்றன. 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் மைடாஃப்தார் என்னும் இயக்கத்தின் வழி அரசு அதிகாரிகள் இந்தியர் வாழ் பகுதிகளில் முகப்புகள் அமைத்துப் பத்திரமில்லாதோரைப் பதிந்தனர். விளக்கை ஏற்றிய பிறகே குடம் உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டும் என்னும் மீமாஞ்சகர் முறைக்கு அது ஒருவாறு இணங்கியது.

கண்டிப்பான ஒப்பீடே இதற்கெல்லாம் தீர்வு என்று நிரலாளர் எண்ணலாம். தோட்டத்து மக்கள் அதனையும் அனுபவித்தவர்கள். முனியம்மா என்னும் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரு கிராணி ஒரு விதமாக எழுதினார். மருத்துவமனைக் கிளார்க் ஓர் எழுத்தைக் கூட்டினார். பதிவு அலுவலகத்தில் ஓர் எழுத்து குறைந்தது. தமிழ்க் காதுக்கு மூன்றும் ஒன்றே. எழுத்தெழுத்தாய் ஒப்பிடும் பொறிக்கு மூவர் மூன்று பெண்கள். தளர்ந்த ஒப்பீடு வேறானவற்றை ஒன்றாக்குவது போலவே, கண்டிப்பான ஒப்பீடு ஒருவரைப் பலராக்கிவிடும். தாயின் கார்டில் உள்ள பெயர் மகளின் பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரோடு பொருந்தாமையால் தடைப்பட்ட விண்ணப்பங்களுக்கு அலுவலகக் கோப்புகளே சாட்சி.

அதற்கும் ஒரு வழி உண்டு. 1960ஆம் ஆண்டுச் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்கீழ், இப்பெயரும் அப்பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பிரமாண ஆணையர் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிடலாம். செமோரிலிருந்து பேருந்தேறி ஈப்போவுக்குச் சென்று, சில ரிங்கிட் கட்டணம் செலுத்தி, முத்திரை பெற்று வரும் தாள் அது. பொறி சமமன்று என்று தள்ளிய இரண்டு சொற்களை அங்கே ஒரு முதியவள் வாயால் சமம் என்கிறாள். அலுவலகம் அதைக் கோப்பில் சேர்த்துக்கொள்கிறது.